குதிரை முகமும் குக்குலுப் போத்தலும்

காங்கேசன்துறையில் இருந்து கரையோரமாக மேற்கே போனால் கீரிமலை. யாழ்ப்பாண வீதியால் தெற்கே திரும்பினால் மாவிட்டபுரம். இந்த மூன்று ஊர்ப் பெயர்களும் ஒரு வைத்தியக் கதைக்குள் இருந்து வந்தவை எண்டுதான் எங்கட ஆக்கள் சொல்லுவினம். கீரி முகத்தோடு திரிந்த நகுல முனிவர் கடலோர நன்னீர் ஊற்றில் குளித்து மனித முகம் பெற்றாராம். பிறகு குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் அதே ஊற்றில் தீர்த்தமாடிக் குணமானாளாம். மா விட்ட இடம் மாவிட்டபுரம். நன்றியாக அவள் கட்டுவித்த கோயிலுக்குக் காங்கேயன் சிலை வந்து இறங்கிய துறை காங்கேசன்துறை.

கதை உண்மையா பொய்யா என்பது இங்கே எங்கள் கேள்வி இல்லை. அந்த வைத்தியத்தில் ஒரு வசதி இருந்தது. குதிரை முகம் போச்சோ இல்லையோ எண்டு பார்க்கிறதுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. கண் இருந்தால் போதும். இரத்தத்தில் இருக்கிற கொழுப்புக்கு அப்படி முகம் இல்லை. கூடினாலும் தெரியாது, குறைந்தாலும் தெரியாது. ஒரு துண்டுக் கடதாசியில் வருகிற எண்தான் அதற்கு முகம். அந்த எண்ணை நம்பி மனிதர் எவ்வளவு தூரம் ஏமாந்தார்கள், எப்படித் திருந்தினார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இதை நாங்கள் தேடிப் படிக்கத் தொடங்கியது ஒரு மருந்துப் பெட்டியால். எங்களில் ஒருவரின் அம்மம்மா காங்கேசன்துறையில் இருக்கிறா. மூன்று வருசத்துக்கு முதல் நெஞ்சுக்குத்து வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பினவ. மாதாமாதம் கிளினிக்குக்குப் போய், கொப்பியைக் காட்டி, குளிசை எடுத்து வாறவ. போன வருசம் அவவின் பெட்டியைத் துப்புரவாக்கப் போனபோது, கொலஸ்ட்ரோல் குளிசை மட்டும் நாலைந்து மாதத்துக்கானது உடைக்காமல் அப்படியே கிடந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் போத்தல், பாதி முடிந்தபடி. குக்குலு மாத்திரை. நாகபட்டினத்தில் இருந்து கப்பலில் வந்த உறவுக்காரர் கொண்டுவந்து குடுத்ததாம்.

“மோனை, இது மரத்தில வாற பால். உது கெமிக்கல். உதைக் குடிச்சா ஈரல் பழுதாப்போகும் எண்டு எல்லாரும் சொல்லினம்.”

அம்மம்மாவைச் சிரிக்க ஏலாது. 1990 ஆனியில் இந்த ஊர்ச் சனம் வீட்டைப் பூட்டி வெளிக்கிட்டது. பிறகு இருபது, இருபத்தைந்து வருசம் உயர் பாதுகாப்பு வலயம். அந்தப் பத்தாண்டில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை, மருந்தும் தட்டுப்பாடு. உள்ளியும் வெந்தயமும் கைமருந்தும் அப்போது ‘இயற்கை வாழ்க்கை’ இல்லை, இருந்ததே அதுதான். 2022 நெருக்கடியில் ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் போனபோதும் சனம் அதே வழிக்குத்தான் திரும்பியது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் ஓடத் தொடங்கியபோது, புடவையோடும் பலகாரத்தோடும் மருந்துப் போத்தலும் வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை.

ஆனால் குக்குலுவின் கதையை அறிந்தால் அம்மம்மாவே ஆச்சரியப்படுவா. ‘ஆரோ சொன்ன’ மருந்து இல்லை அது. ஒரு பெரிய அறிவியல் பயணம் போய் வந்த மருந்து.

ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் வளரும் முள்மரம் ஒன்றின் பட்டையைக் கீறினால் வடியும் பிசின்தான் குக்குலு. சுசுருத சங்கிதையில் ‘மேதோரோகம்’ என்று ஒரு நோய் பேசப்படுகிறது. மேதஸ் என்றால் கொழுப்பு. அது பெருகி உடலின் வழிகளை அடைப்பதால் வரும் கேடு என்று அந்த விவரிப்புப் போகிறது. 1960களில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜி. வி. சத்தியவதி இதைப் படித்தார். இரத்தக் குழாய்த் தடிப்பைப் பற்றி நவீன மருத்துவம் சொல்வதும் இதுவும் ஒத்துப்போகிறதே என்று அவருக்குப் பட்டது. முயல்களுக்குக் கொழுப்பூட்டி, பிறகு குக்குலு கொடுத்துப் பார்த்தார். முயல்களின் கொலஸ்ட்ரோல் குறைந்தது. 1966இல் அதுவே அவருடைய முனைவர் ஆய்வேடாக வந்தது.

சத்தியவதி செய்ததை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். பழைய நூலைக் கும்பிட்டு வைத்துவிடவும் இல்லை, குப்பை என்று எறியவும் இல்லை. அதில் சொன்னதைச் சோதிக்கக்கூடிய ஒரு கேள்வியாக மாற்றினார். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அந்தக் கேள்வியை மேலும் கொண்டுபோனது. பிசினில் இருந்து நச்சான பகுதிகளை நீக்கி ‘குக்குலிப்பிட்’ என்ற சாறு எடுத்தார்கள். இந்திய நோயாளிகளில் செய்த ஆய்வுகளில் மொத்தக் கொலஸ்ட்ரோல் நல்லாகக் குறைந்ததாக வந்தது. 1980களின் பிற்பகுதியில் அது இந்தியாவில் மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள், குக்குலுவில் உள்ள குக்குல்ஸ்டெரோன் என்ற பொருள் ஈரலில் பித்த அமிலத்தை உணரும் ஏற்பி ஒன்றைத் தடுக்கிறது என்று ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். பழைய சுவடியில் இருந்து மூலக்கூறு வரைக்கும் பாதை போட்டாச்சு என்ற மாதிரித்தான் அப்போது இருந்தது.

அடுத்த வருசமே, 2003இல், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனையின் முடிவு வெளிவந்தது. கொலஸ்ட்ரோல் கூடிய 103 பேர். சிலருக்குக் குக்குலு சாதாரண அளவில், சிலருக்கு இரட்டிப்பு அளவில், மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. ஆருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. எட்டுக் கிழமைக்குப் பிறகு வெறும் மாத்திரை குடித்தவர்களின் எல்.டி.எல். 5 வீதம் குறைந்திருந்தது. குக்குலு குடித்தவர்களுக்கோ 4, 5 வீதம் கூடியிருந்தது! ஆறு பேருக்குத் தோலில் ஒவ்வாமைத் தடிப்பு வேறு.

ஏன் இப்படி? இந்தியாவில் சோதித்தவர்களின் உணவும் உடல்வாகும் வேறு என்றார்கள் சிலர். முந்தைய ஆய்வுகள் பலவற்றில் ஒப்பிடும் குழு சரியாக இல்லை என்றார்கள் வேறு சிலர். வெறும் மாத்திரை குடித்தவர்களுக்கே 5 வீதம் குறைந்ததைப் பாருங்கள். சோதனைக்குள் வந்துவிட்டால் ஆட்கள் கவனமாகச் சாப்பிடத் தொடங்கிவிடுவார்கள். ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் அந்த 5 வீதமும் மருந்தின் கணக்கில்தான் போய்ச் சேரும். 2009இல் நோர்வேயில் செய்த ஒரு சிறிய சோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரோல் கொஞ்சம் குறைந்தது, எல்.டி.எல்.லில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. வழக்கு இன்னும் தீரவில்லை என்று வைத்துக்கொண்டாலும், மாரடைப்பு வந்து பிழைத்த ஒருவர் அதை நம்பிக் கிளினிக் குளிசையை நிறுத்த முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. குக்குலிப்பிட் குடித்தால், இதயத்துக்கும் பிரசருக்கும் கொடுக்கும் புரோப்ரனோலோல், டில்டியாசெம் ஆகிய மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவு குறைகிறது என்று 1994இல் இந்தியாவிலேயே காட்டியிருக்கிறார்கள். மரத்துப் பால் சும்மா இருக்காது. மற்றக் குளிசையின் வேலையையும் கெடுக்கும்.

(அந்த மரம் அளவுக்கு மீறிக் கீறப்பட்டு அழிவின் விளிம்பில் நிற்கிறது. அது தனியாக ஒரு கட்டுரைக்குரிய துக்கம்.)

இதையெல்லாம் வாசித்துவிட்டு வீராப்போடு அம்மம்மாவிடம் போனோம். எல்லாத்தையும் கேட்டுவிட்டு அவ ஒரே ஒரு கேள்வி கேட்டா.

“சரி, உந்த எண் குறைஞ்சால் நான் சாகமாட்டனோ?”

எங்களிடம் உடனே பதில் இல்லை. கேள்வி சின்னதில்லை. உலக மருத்துவத்துக்கே இந்தக் கேள்வியின் அருமை விளங்க முப்பது வருசம் எடுத்தது, இடையில் உயிர்களும் போயின.

முதல் அடி ட்ரைபரனோல். 1960இல் அமெரிக்காவில் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் அற்புத மருந்தாக வந்தது. ஈரல் கொலஸ்ட்ரோல் செய்யும் வேலையை அது கடைசிப் படியில் மறித்தது. எண் குறைந்தது, ஆனால் கடைசிப் படிக்கு முந்தின பொருள் உடம்பில் குவிந்தது. ஆட்களுக்குக் கண்புரை வந்தது, முடி கொட்டியது. விலங்குச் சோதனைத் தகவலைக் கம்பனியே திரித்திருந்தது பிறகு பிடிபட்டது. 1962இல் மருந்து சந்தையில் இருந்து போனது.

அடுத்தது ஓமோன்கள். மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு மாரடைப்புக் குறைவு, அவர்களின் எச்.டி.எல்.லும் ஆண்களை விடக் கூட. அப்படியென்றால் ஆண்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் என்ன? தைரொயிட் சுரப்புக் குறைந்தவர்களுக்குக் கொலஸ்ட்ரோல் ஏறுகிறது. அப்படியென்றால் தைரொயிட் ஓமோனின் ஒரு வடிவத்தைக் கொடுத்தால் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘கொரோனரி ட்ரக் புரொஜெக்ட்’ இதைத்தான் சோதித்தது. ஏற்கனவே மாரடைப்பு வந்து பிழைத்த 8341 ஆண்கள். ஈஸ்ட்ரோஜன் இரண்டு அளவில், டெக்ஸ்ட்ரோ தைரொக்சின், குளோஃபைப்ரேட், நியாசின் என்ற விற்றமின், இவற்றோடு வெறும் மாத்திரை.

கூடிய அளவு ஈஸ்ட்ரோஜனை 1970இல் நிறுத்த வேண்டி வந்தது. மாரடைப்பும் இரத்தக் கட்டியும் கூடின. தைரொயிட் மருந்தைக் குடித்தவர்களில் சாவு கூடியது, அதையும் அடுத்து நிறுத்தினார்கள். குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனும் தாக்குப்பிடிக்கவில்லை. குளோஃபைப்ரேட் சாவைக் குறைக்கவில்லை. நியாசின் மட்டும் மறுபடி வரும் மாரடைப்பைக் கொஞ்சம் குறைத்தது.

குளோஃபைப்ரேட்டை உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு எடின்பரோ, பிராக், புடாபெஸ்ட் நகரங்களில் தனியாகவும் சோதித்தார்கள். 1978இல் முடிவு வந்தது. கொலஸ்ட்ரோல் ஏறத்தாழ 9 வீதம் குறைந்தது. உயிர் போகாத மாரடைப்பும் குறைந்தது. ஆனால் மருந்து குடித்தவர்களில் மொத்தச் சாவு கூட. ‘சத்திரசிகிச்சை வெற்றி, நோயாளி மோசம்’ என்கிற பகிடி ஞாபகம் வருகிறதா? இது பகிடி இல்லை.

பெண்களிடமும் இதே பாடம் திரும்ப வந்தது. மாதவிடாய் நின்ற, இதய நோயுள்ள 2763 பெண்களில் செய்த சோதனை ஒன்று 1998இல் வெளிவந்தது. ஓமோன் குடித்தவர்களுக்கு எல்.டி.எல். 11 வீதம் இறங்கியது, எச்.டி.எல். 10 வீதம் ஏறியது. கடதாசியில் பார்த்தால் தங்கமான எண்கள். மாரடைப்பில் ஒரு குறைவும் இல்லை. 2002இல் 16,608 பெண்களில் நடந்த இன்னும் பெரிய சோதனையை இடையில் நிறுத்தினார்கள். இதயத்துக்கு நன்மை வராததோடு மார்புப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடியிருந்தன. எச்.டி.எல்.லை 72 வீதம் ஏற்றிய டோர்செட்ரபிப் என்ற புது மருந்தும் 2006இல் அப்படித்தான் விழுந்தது. குடித்தவர்கள் கூடச் செத்தார்கள்.

இந்த இடத்தில் ஜிம்முக்குப் போகிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. ஓமோன் என்றால் பெண்களின் கதை என்று தாண்டிப் போகாதேங்கோ. 1989இல் பாரம் தூக்கும் 11 ஆண்களுக்கு ஸ்டனோசொலோல் என்ற தசை வளர்க்கும் குளிசையை ஆறு கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். எச்.டி.எல். 33 வீதம் விழுந்தது, எல்.டி.எல். 29 வீதம் ஏறியது. பெயர் தெரியாத ‘சப்ளிமென்ற்’ டப்பாக்களுக்குள் இந்த வகைப் பொருட்கள் ஒளிந்து வந்து பிடிபட்ட நாடுகள் பல. கைத்தசை கண்ணாடியில் தெரியும். உள்ளே நடக்கிறது தெரியாது. முந்தி ஊரில் திமிராகக் கதைக்கிறவனைப் பார்த்து “உனக்குக் கொழுப்பு கூடிப்போச்சு” எண்டு ஏசுவினம். இப்ப அது ஏச்சா, மருத்துவ அறிக்கையா எண்டு சொல்லத் தெரியாது.

இனி அம்மம்மா ‘கெமிக்கல்’ என்று ஒதுக்கிய குளிசைக்கு வருவோம். அதன் பிறப்பைக் கேட்டால் அவவின் வாதமே தலைகீழாகப் போகும். அதைக் கண்டுபிடிக்க வைத்தது பூஞ்சணம்.

யப்பானியர் அகிரா எண்டோ கிராமத்தில் பிறந்தவர், சின்ன வயதிலேயே காளான், பூஞ்சணம் மேல் ஆசை. டோக்கியோவில் சங்கியோ என்ற மருந்துக் கம்பனியில் வேலை செய்தபோது அவருக்கு ஒரு யோசனை. கிருமிகளைக் கொல்லப் பென்சிலினைச் செய்யும் பூஞ்சணங்களில் ஏதாவது ஒன்று, கொலஸ்ட்ரோல் உற்பத்தியை மறிக்கும் பொருளையும் செய்யாதா? 1971இல் தொடங்கி ஏறத்தாழ 6000 பூஞ்சண வகைகளைச் சோதித்தார்கள். கியோத்தோவில் அரிசியில் பிடித்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணம் ஒன்றில் 1973இல் அகப்பட்டது கொம்பக்டின். முதல் ஸ்டட்டின் அதுதான்.

எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால் வேலை செய்யவில்லை. வேறு ஆள் என்றால் விட்டிருப்பார். அதே கம்பனியில் கோழிகளை வைத்து ஆராய்ந்த நண்பர் ஒருவரிடம் கேட்டு, முட்டைக் கோழிகளுக்குக் கொடுத்தார் எண்டோ. முட்டை கொலஸ்ட்ரோல் நிறைந்தது, ஆகவே கோழியின் உடம்பும் அதை நிறையச் செய்ய வேண்டும் என்பது கணக்கு. கோழிகளில் கொலஸ்ட்ரோல் சட்டென்று இறங்கியது. அதன் பிறகு அமெரிக்காவின் மேர்க் கம்பனி வேறொரு பூஞ்சணத்தில் இருந்து லோவஸ்டட்டினை எடுத்து 1987இல் அனுமதி பெற்றது. கம்பனிகள் கோடிக்கணக்கில் உழைத்தன. கண்டுபிடித்த எண்டோவுக்கு அதில் பங்கு வரவில்லை. 2024இல், தொண்ணூறு வயதில் காலமானார்.

ஸ்டட்டின் ட்ரைபரனோலைப் போல இல்லை. அது மறிப்பது தொடக்கப் படிகளில் ஒன்றை, ஆகவே நஞ்சு குவிவதில்லை. ஈரலுக்குக் கொலஸ்ட்ரோல் தட்டுப்பட, அது இரத்தத்தில் இருந்து எல்.டி.எல்.லை இழுக்கும் ஏற்பிகளைக் கூட்டுகிறது. இப்படித்தான் எண் குறைகிறது. அம்மம்மாவின் கேள்விக்குப் பதில் 1994இல் வந்தது. ஸ்கண்டிநேவிய நாடுகளில், இதய நோயுள்ள 4444 பேரில் பாதிப் பேருக்குச் சிம்வாஸ்டட்டின், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை, ஐந்து வருசத்துக்கு மேல். எல்.டி.எல். 35 வீதம் குறைந்தது. சாவு 30 வீதம் குறைந்தது. ஒரு கொழுப்புக் குறைப்பு மருந்து சாவையே குறைக்கிறது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டிய முதல் சோதனை என்று அதைத்தான் சொல்லுகிறார்கள்.

ஸ்டட்டின் எல்லாம் புனிதம் என்றும் சொல்ல வரவில்லை. செரிவாஸ்டட்டின் என்ற ஒன்று தசையைச் சிதைத்து உயிர்களை எடுத்ததால் 2001இல் உலகம் முழுக்க மீளப்பெறப்பட்டது. மற்ற வகைகளிலும் சிலருக்குத் தசை நோவு வரும். ஈரலைப் பாதிப்பது அரிது, அதனால்தான் தொடங்கும்போது இரத்தம் சோதிக்கிறார்கள். தைரொயிட் குறைந்தால் கொலஸ்ட்ரோல் ஏறும் என்றோமே, அதுவும் மறக்கக் கூடாதது. தைரொயிட்டைச் சரிசெய்தாலே எண் இறங்கிவிடும் ஆட்களும் இருக்கினம்.

“அப்ப இயற்கையா ஒண்டுமே இல்லையோ?” என்றால், இருக்கிறது. சீனர் பல நூற்றாண்டாகப் பாவிக்கும் சிவப்பு நொதியரிசியில் உள்ள மொனகொலின் கே, லோவஸ்டட்டின் தான். ஒரே மூலக்கூறு. அதையும் 1979இல் வேறொரு பூஞ்சணத்தில் கண்டவர் எண்டோவே. ஆகவே அது வேலை செய்யும். ஆனால் எவ்வளவு? 2010இல் அமெரிக்கக் கடைகளில் 12 போத்தல்களை வாங்கிச் சோதித்தபோது, ஒரு மாத்திரைக்கு 0.10 மில்லிகிராமில் இருந்து 10.09 மில்லிகிராம் வரை இருந்தது. நூறு மடங்கு வித்தியாசம்! நாலு போத்தலில் சிறுநீரகத்துக்குக் கெடுதியான சிற்றினின் வேறு. ‘இயற்கை’ என்ற லேபல் எவ்வளவு என்று சொல்லாது.

உள்ளிக்கு வந்தால், 2007இல் ஸ்டான்ஃபோர்டில் 192 பேருக்குப் பச்சை உள்ளியும் உள்ளி மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்.டி.எல். அசையவில்லை. ரசத்துக்குப் போடுங்கோ, ருசியாக இருக்கும். தேங்காய் எண்ணெயை இப்போது மருந்தாகவே விற்கிறார்கள். 2020இல் பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது மற்ற மரக்கறி எண்ணெய்களை விட அது எல்.டி.எல்.லை ஏறத்தாழ 10 புள்ளி கூட்டுவதாக வந்தது. சொதியை நிறுத்தச் சொல்லவில்லை. கரண்டி கரண்டியாகக் குடித்து நெஞ்சைக் காக்கலாம் என்பதைத்தான் நம்ப ஏலாது.

கிளினிக்கில் காசில்லாமல் கிடைக்கும் அந்தக் குளிசைக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. பேராசிரியர் சேனக பிபிலே. கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரில் மொத்தமாக வாங்கினால் ஏழை நாட்டுக்கும் கட்டுபடியாகும் என்று வாதிட்டவர். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது அவர் யோசனையில். 1977இல் கயானாவில் காலமானார். பூஞ்சணத்தில் பிறந்த மருந்து காங்கேசன்துறைக் கிழவி ஒருத்தியின் கைக்கு இலவசமாக வரும் வழியில் அவருடைய கையும் இருக்கிறது.

இவ்வளவையும் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து சொன்னோம். பூஞ்சணக் கதைக்கு முகத்தைச் சுழித்தா. கோழிக் கதைக்குச் சிரித்தா. “அப்ப உதுவும் ஊசிப்போன சோத்தில வந்தது எண்டு டொக்டர் ஏன் சொல்லேல்ல?” என்று கேட்டா. நியாயமான கேள்வி. கிளினிக்கில் ஒருவருக்கு இரண்டு நிமிசம். அதற்குள் எண்டோவைப் பற்றிக் கதைக்க ஏலாது.

அடுத்த கிளினிக் நாள் புதன்கிழமை. விடிய வெள்ளன கொப்பியோடு உடைக்காத குளிசை அட்டைகளையும் குக்குலுப் போத்தலையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டா. போத்தலை ஏன் கொண்டுபோறியள் என்று கேட்டோம். “டொக்டருக்குக் காட்ட வேணும். இவ்வளவு நாளும் ஒளிச்சுக் குடிச்சனான்” என்றா.